வெளியாருக்குத் திறக்கும் கோப்புறை: விருந்தினர் அனுமதிகளைக் கையாளும் முறை

இணையச் சேமிப்பகத்தில் உள்ள ஒரு கோப்புறையை வெளியாள் ஒருவருக்குத் திறந்துவிட அரை நிமிடம் போதும். திறந்ததை உரிய நாளில் மூடத்தான் பலருக்கு நினைவு வருவதில்லை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் என எதைப் பயன்படுத்தினாலும் பொத்தான்களின் பெயர்தான் மாறுமே தவிர, செய்ய வேண்டிய யோசனை ஒன்றுதான். யாருக்கு, எதை, எந்த அளவுக்கு, எந்த நாள் வரை என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே பகிர்வுப் பொத்தானைத் தொட வேண்டும். விருந்தினர் என்று இங்கே நான் குறிப்பிடுவது, உங்கள் குழுவிலோ நிறுவனத்திலோ நிரந்தர உறுப்பினராக இல்லாமல் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் உள்ளே வருபவரை. வடிவமைப்பாளர், மெய்ப்புத் திருத்துநர், மொழிபெயர்ப்பாளர், தணிக்கையாளர் ஆகியோர் அப்படிப்பட்டவர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்பு நூலின் பணியில் இருந்தபோது, அட்டை வடிவமைப்பாளருக்குப் படங்கள் இருந்த உட்கோப்புறையை மட்டும் அனுப்புவதற்குப் பதிலாக, அவசரத்தில் அதற்கு மேலிருந்த முழுக் கோப்புறையையும் பகிர்ந்துவிட்டேன். கட்டுரையாளர்கள் அனைவரின் முகவரியும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய விரிதாள் ஒன்று அதற்குள் இருந்தது. நூல் வெளிவந்து பதினோரு மாதங்கள் கழித்து, வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விரிதாளின் அணுகல் பட்டியலில் வடிவமைப்பாளரின் பெயர் இருப்பதைப் பார்த்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றார், நானும் நம்புகிறேன். ஆனாலும் என்னை நம்பித் தங்கள் கணக்கு விவரங்களைக் கொடுத்தவர்களுக்கு நான் செய்தது பெரிய தவறு. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அன்றிலிருந்து நான் கடைப்பிடித்து வருபவை.

முதலில் பிரித்து வையுங்கள், பிறகு பகிருங்கள்

கோப்புறைக்குக் கொடுக்கும் அனுமதி அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கிச் செல்லும். உட்கோப்புறைகள், அவற்றுக்குள் இருக்கும் கோப்புகள், நாளைக்கு நீங்கள் அங்கே போடப்போகும் கோப்புகள் என எதுவும் இதற்கு விலக்கல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இந்தக் கடைசி வகைதான். பகிரும் நாளில் கோப்புறைக்குள் தவறான எதுவும் இல்லை என்று சரிபார்க்கிறோம். மூன்று மாதம் கழித்து, அது பகிரப்பட்ட கோப்புறை என்பதே மறந்துபோன நிலையில், ஒரு ஒப்பந்தத்தை இழுத்து அதற்குள் போட்டுவிடுகிறோம். போட்ட அந்த நொடியிலேயே விருந்தினருக்கு ஒப்பந்தம் தெரியத் தொடங்கிவிடும். கூகுள் டிரைவ் இப்படி நகர்த்தும்போது அணுகல் மாறப்போவதாக ஓர் எச்சரிக்கையைக் காட்டுவதுண்டு. ஆனால் பழகிப்போன கை அதைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறது.

ஆகவே ஏற்கெனவே உள்ள வேலைக் கோப்புறையைப் பகிராமல், விருந்தினருக்கென்றே தனிக் கோப்புறை ஒன்றை, உங்கள் மற்றக் கோப்புறைகளுக்கு வெளியே, மேல்மட்டத்தில் உருவாக்குங்கள். உள் வேலைக் கோப்புறைக்குள்ளேயே அதை உருவாக்கலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் என்றைக்காவது ஒருநாள் மேலே உள்ள கோப்புறையைப் பகிர்ந்துவிடும் வாய்ப்பு நீடிக்கிறது. ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்கு மட்டும் அணுகலைச் சுருக்கும் வசதி இப்போது கூகுள் டிரைவில் இருக்கிறது, நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட்டிலும் மேலிருந்து இறங்கும் அனுமதியைத் துண்டித்துத் தனி அனுமதி வைக்க முடியும். இருந்தாலும் அவற்றை நம்பி அமைப்பைக் கட்டுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் எங்கே துண்டித்தோம் என்பதை ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம். தனியே நிற்கும் கோப்புறையைப் பார்த்தவுடனே எவருக்கும் புரியும்.

கோப்புறைக்கு வைக்கும் பெயரிலேயே அதன் நிலையைச் சொல்லிவிடுங்கள். 'வெளியார் – அட்டை வடிவமைப்பு – ஜூன் வரை' என்று பெயர் இருந்தால், ஒப்பந்தத்தை அதற்குள் இழுத்துப் போடும் முன் கை ஒரு கணம் நிற்கும். எச்சரிக்கைப் பெட்டியைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கூகுள் டிரைவில் குறுக்குவழிகளைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 செப்டம்பர் 30 முதல் அங்கே ஒரு கோப்பைப் புதிதாக ஒரே நேரத்தில் இரண்டு கோப்புறைகளில் வைக்க முடியாது. மூலம் ஓர் இடத்தில் இருக்க, மற்ற இடங்களில் குறுக்குவழியைத்தான் வைக்க வேண்டும். விருந்தினர் கோப்புறையில் குறுக்குவழியை வைத்தால் அவருக்கு அதன் பெயர் தெரியும், ஆனால் மூலக் கோப்புக்குத் தனியே அனுமதி இல்லாவிட்டால் திறக்காது. 'எல்லாம் தெரிகிறது, ஒன்று மட்டும் திறக்கவில்லை' என்று விருந்தினர் எழுதினால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அப்போது மூலக் கோப்பின் அனுமதியைத் திறந்துவிடுவதைவிட, கோப்பின் நகல் ஒன்றை விருந்தினர் கோப்புறையில் வைப்பதே நல்லது.

பெயர் சொல்லி அழைப்பதும் இணைப்பை வீசுவதும்

பகிர்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விருந்தினரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து அவரை மட்டும் அனுமதிப்பது. மற்றொன்று, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று விடுவது. இரண்டாவது வழி எளிது, யாரும் 'திறக்கவில்லை' என்று தொலைபேசியில் அழைக்கமாட்டார்கள். அதன் அபாயமும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். யாரெல்லாம் வந்து பார்த்தார்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு பெயரும் இருக்காது. கூகுள் டாக்ஸ் ஆவணம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும்போது, மேலே மூலையில் ஏதோ ஒரு விலங்கின் படமும் அதன் முன்னே பெயரற்றவர் என்ற சொல்லும் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒருவர் திறந்த இணைப்பு வழியாக உள்ளே வந்திருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். ஒரு குழு ஆவணத்தில் அப்படி மூன்று விலங்குகள் ஒரே நேரத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யார் என்பதை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

உலகம் முழுவதும் பார்க்கலாம் என்று நீங்கள் உண்மையிலேயே நினைக்கும் கோப்புகளுக்கு மட்டும் திறந்த இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ், பாடத்திட்டம், விண்ணப்பப் படிவம் போன்றவை. மற்ற அனைத்துக்கும் பெயர் சொல்லியே அழையுங்கள். ஒன்டிரைவில் 'குறிப்பிட்ட நபர்கள்' என்ற தேர்வு இதற்கானது. அந்த இணைப்பை விருந்தினர் வேறொருவருக்கு அனுப்பினாலும் அவருக்குத் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத விருந்தினருக்கு ஒருமுறைக் குறியீடு ஒன்று மின்னஞ்சலில் வரும், அதை இட்டால் உள்ளே வரலாம். பணியிடக் கூகுள் கணக்குகளிலும், நிர்வாகி அனுமதித்திருந்தால், கூகுள் கணக்கு இல்லாதவர் மின்னஞ்சலுக்கு வரும் குறியீட்டைக் கொண்டு பார்வையாளராக வர முடியும். ஆகவே 'அவரிடம் கணக்கு இல்லை, அதனால் திறந்துவிட்டேன்' என்ற காரணம் பல இடங்களில் செல்லாது.

அழைக்கும் முன் விருந்தினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த மின்னஞ்சல் முகவரியில் உள்நுழைந்து வேலை செய்கிறீர்கள்? நம் எல்லோரிடமும் இரண்டு மூன்று முகவரிகள் இருக்கின்றன. கடிதம் எழுதும் முகவரி ஒன்றாகவும், உலாவியில் உள்நுழைந்திருப்பது வேறொன்றாகவும் இருக்கும். நீங்கள் முதலாவதை அழைத்திருப்பீர்கள், அவர் இரண்டாவதில் திறப்பார். 'உங்களுக்கு அணுகல் தேவை' என்ற பக்கம் வரும், அணுகல் கோரும் பொத்தானை அவர் அழுத்துவார். உங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு முகவரியிலிருந்து கோரிக்கை வந்து சேரும். அந்தக் கோரிக்கையை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே அறிந்த எண்ணில் விருந்தினரை அழைத்து, இது உங்கள் முகவரிதானா என்று கேட்டு உறுதிசெய்த பிறகு சேருங்கள், பழைய முகவரியை அப்போதே நீக்கிவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு முகவரிகளில் அனுமதி இருந்தால், விலக்கும் நாளில் ஒன்று விடுபட்டுப்போகும்.

பகிர்ந்து முடித்ததும் ஒரு நிமிடச் சோதனை செய்யுங்கள். கோப்புறையின் இணைப்பை நகலெடுத்து, உலாவியில் மறைநிலைச் சாளரம் (Incognito, உங்கள் கணக்கில் உள்நுழையாத தனிச் சாளரம்) ஒன்றைத் திறந்து அதில் ஒட்டுங்கள். உள்நுழையச் சொல்லும் பக்கம் வந்தால் கதவு மூடியிருக்கிறது. கோப்புகளின் வரிசை கண்முன் விரிந்தால், உங்கள் கோப்புறை இணைப்பு கிடைக்கும் எவருக்கும் திறந்து கிடக்கிறது. அமைப்புப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதைவிட இந்தச் சோதனை நம்பகமானது, ஏனெனில் வெளியாள் ஒருவரின் கண்ணால் நீங்களே பார்க்கிறீர்கள்.

எந்த அளவுக்கு?

பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்று மூன்று படிகள் கூகுள் டிரைவில் உள்ளன. டிராப்பாக்ஸ் கோப்புறைகளில் பார்ப்பது, திருத்துவது என்ற இரண்டே போதும் என்று வைத்திருக்கிறார்கள். எதைக் கொடுப்பது என்று தயங்கினால் கீழ்ப்படியைக் கொடுங்கள். போதாவிட்டால் விருந்தினரே கேட்பார், உயர்த்துவது எளிது. மெய்ப்புத் திருத்துநருக்குத் திருத்தும் உரிமை தேவை என்று பலர் நினைக்கிறார்கள். கூகுள் டாக்ஸில் கருத்துரையாளராக இருப்பவரே மூலத்தைத் தொடாமல் ஒவ்வொரு திருத்தத்தையும் பரிந்துரையாக இட முடியும், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கையில் இருக்கும். என் அனுபவத்தில் மெய்ப்புப் பணிக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

திருத்தும் உரிமை என்பது எழுத்தை மாற்றும் உரிமை மட்டுமல்ல என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். முதலாவதாக, கூகுள் டிரைவில் திருத்துநர், அதாவது திருத்தும் உரிமை பெற்றவர், மற்றவர்களையும் உள்ளே அழைக்கலாம். அதுதான் இயல்பு அமைப்பு. பகிர்வுப் பெட்டியின் மேலே உள்ள பல்சக்கரச் சின்னத்தை அழுத்தினால், திருத்துநர்கள் அனுமதியை மாற்றலாம், பகிரலாம் என்று ஒரு வரி குறியிடப்பட்டிருக்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். விருந்தினரை அழைக்கும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் போகும் இடம் அதுதான். டிராப்பாக்ஸிலும் கோப்புறையின் அமைப்புகளில், உறுப்பினர்களைச் சேர்க்கும் அதிகாரத்தை உரிமையாளருக்கு மட்டும் என்று சுருக்கலாம்.

இரண்டாவதாக, திருத்துநரால் கோப்புகளைக் கோப்புறையிலிருந்து அகற்ற முடியும். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்ற நல்ல எண்ணத்தோடுதான் செய்வார். கூகுள் டிரைவில் உங்களுக்குச் சொந்தமான கோப்பை அவர் அகற்றினால் அது அழியாது, கோப்புறையை விட்டு மட்டும் வெளியேறும். பெயரைத் தேடினால் கிடைக்கும். ஒன்டிரைவிலும் டிராப்பாக்ஸிலும் அவர் அழித்தால் அது அழிந்த கோப்புகளின் பகுதிக்குப் போகும். அங்கிருந்து மீட்பதற்குக் கால எல்லை உண்டு: சொந்த ஒன்டிரைவ் கணக்கிலும் இலவச டிராப்பாக்ஸிலும் 30 நாட்கள். அதற்குள் கவனிக்காவிட்டால் கோப்பு போய்விடும் என்பதால், விருந்தினர் திருத்தும் கோப்புறையில் ஒரே பிரதியை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மூன்றாவது சிக்கலை அதிகம் பேர் அறிவதில்லை, அறிந்துகொள்ளும்போது காலம் கடந்திருக்கும். கூகுள் டிரைவில் உங்கள் கோப்புறைக்குள் விருந்தினர் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கினாலோ பதிவேற்றினாலோ, அதன் உரிமையாளர் அவர்தான், நீங்கள் அல்லர். கோப்புறை உங்களுடையது என்பதால் உள்ளே இருப்பதும் உங்களுடையது ஆகிவிடாது. அது அடைக்கும் இடமும் அவருடைய சேமிப்பிலிருந்தே கழியும். வேலை முடிந்து அவர் தன் கணக்கைத் துப்புரவு செய்தால், நீங்கள் கூலி கொடுத்துச் செய்துவாங்கிய கோப்பு உங்கள் கோப்புறையிலிருந்து மறையும். கோப்பின் விவரப் பலகத்தைத் திறந்தால் உரிமையாளர் பெயர் தெரியும். வேலை முடியும் முன்பே ஒவ்வொன்றாகப் பாருங்கள். சொந்தக் கணக்குகளுக்கு இடையே உரிமையை மாற்ற முடியும், ஆனால் பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் அது நிறைவேறும். நிறுவனக் கணக்குக்கும் வெளிக்கணக்குக்கும் இடையே மாற்ற முடியாது, அங்கே நகலெடுத்து வைத்துக்கொள்வதே வழி. பணியிடக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சீரான ஏற்பாடு பகிர்வு இயக்ககம். அதற்குள் யார் எதை இட்டாலும் அது நிறுவனத்துக்கே சொந்தம். விருந்தினருக்குப் பங்களிப்பாளர் என்ற படியைக் கொடுத்தால், கோப்புகளைச் சேர்க்கவும் திருத்தவும் முடியும், நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. வெளியாருக்கு இதைவிடப் பொருத்தமான படி எனக்குத் தெரிந்து வேறில்லை.

விருந்தினர் உங்களுக்குக் கோப்பு அனுப்ப வேண்டும், ஆனால் உள்ளே எதையும் பார்க்கத் தேவையில்லை என்றால் பகிரவே வேண்டாம். டிராப்பாக்ஸில் கோப்புக் கோரிக்கை என்ற வசதி உண்டு. டிராப்பாக்ஸ் கணக்கு இல்லாதவரும் அதன் வழியே பதிவேற்றலாம், மற்றவர் அனுப்பியது எதுவும் அவர் கண்ணில் படாது. கூகுள் படிவத்திலும் கோப்பேற்றும் கேள்வி ஒன்றைச் சேர்க்கலாம், ஆனால் அனுப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும்.

பதிவிறக்கத்தைத் தடுக்கும் குறியைப் பற்றி ஒரு சொல். அது பதிவிறக்கம், அச்சு, நகல் ஆகியவற்றின் பொத்தான்களை மறைக்கிறது. திரையைப் படம் பிடிப்பதை அது தடுக்காது. எனவே ஒருவர் பார்க்கவே கூடாத ஆவணத்தை, பதிவிறக்கம் தடுக்கப்பட்டிருக்கிறது என்ற தைரியத்தில் அவருக்குக் காட்டாதீர்கள்.

முடிவு நாளைத் தொடக்க நாளிலேயே குறியுங்கள்

அனுமதி கொடுக்கும் அதே நிமிடத்தில் அது முடியும் நாளையும் முடிவு செய்யுங்கள். பணியிடக் கூகுள் கணக்குகள் பலவற்றில், பெயருக்கு எதிரே உள்ள பட்டியலை விரித்தால் காலாவதி நாளைச் சேர்க்கும் தேர்வு இருக்கும். ஒன்டிரைவிலும் டிராப்பாக்ஸிலும் கட்டணத் திட்டங்களில் இணைப்புக்கு முடிவு நாளும் கடவுச்சொல்லும் வைக்கலாம். கடவுச்சொல் வைத்தால் இணைப்பு போகும் அதே மின்னஞ்சலில் அதை அனுப்பாதீர்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். வேலை எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் ஒரு மாதம் வையுங்கள். நீட்டிக்கச் சொல்லி விருந்தினர் கேட்பது உங்களுக்கு ஒரு தொல்லை அல்ல, அனுமதி இன்னும் தேவைதானா என்று மறுபடி யோசிப்பதற்கு அது ஒரு வாய்ப்பு.

இந்த வசதி இல்லாத இலவசக் கணக்குகளில் நாட்காட்டிதான் துணை. பகிர்ந்த கையோடு, முடிவு நாளில் 'இன்னாரை இன்ன கோப்புறையிலிருந்து விலக்கு' என்று ஒரு நினைவூட்டலை இடுங்கள். அதோடு ஒரு சிறிய விரிதாளையும் பராமரியுங்கள். பெயர், அழைத்த முகவரி, கோப்புறை, அனுமதியின் படி, எதற்காக, எந்த நாள் வரை, விலக்கிய நாள் என்று ஏழு பத்திகள் போதும். என் விரிதாளில் விலக்கிய நாள் பத்தி காலியாக இருக்கும் வரிகள் மட்டும் மஞ்சளாகத் தெரியும்படி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் நாளில் அந்த மஞ்சள் வரிகளை மட்டும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. விருந்தினர்கள் பலர் ஒரே வேலைக்கு வருவதாக இருந்தால், ஒவ்வொருவரையும் தனித்தனியே கோப்புறையில் சேர்க்காமல், மின்னஞ்சல் குழு ஒன்றை உருவாக்கி அந்தக் குழுவுக்கு அனுமதி கொடுங்கள். பிறகு ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தாலே போதும், அந்தக் குழுவழி வந்த அணுகல் எல்லா இடத்திலும் நின்றுவிடும்.

விலக்கும் நாள்

பெயரை நீக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கோப்புறையிலிருந்து நீக்கினாலும், அதற்குள் இருக்கும் ஏதாவது ஒரு கோப்பை அவருக்கு நேரடியாகவும் பகிர்ந்திருந்தால், அந்த அனுமதி அப்படியே நிற்கும். கூகுள் டிரைவின் மேம்பட்ட தேடலில், யாருடன் பகிரப்பட்டது என்ற கட்டத்தில் விருந்தினரின் முகவரியை இட்டுத் தேடுங்கள். அவர் கையில் இன்னும் இருப்பவை வரிசையாக வரும். ஒன்டிரைவில் அணுகலை நிர்வகிக்கும் பலகத்தைத் திறந்து பாருங்கள். ஒரே கோப்புறைக்கு வெவ்வேறு நாட்களில் உருவாக்கிய இணைப்புகள் பல இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியே அழிக்க வேண்டும்.

பொது அணுகல் 'இணைப்பு உள்ள எவரும்' என்ற நிலையில் இருந்தால் பெயரை நீக்குவதில் பயனே இல்லை; பழைய இணைப்பைச் சொடுக்கி அவர் மீண்டும் வரலாம். அதைக் கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மாற்றுங்கள். இதில் கூகுள் டிரைவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: இணைப்பை மூடிவிட்டு, பின்னொரு நாள் வேறு யாருக்காகவோ மறுபடி திறந்தால், அதே பழைய இணைப்புதான் உயிர்பெறும், அதை வைத்திருந்த பழையவர்களுக்கும் கதவு திறக்கும். புதிய இணைப்பு வேண்டுமென்றால் புதிய கோப்புறையை உருவாக்கி, கோப்புகளின் நகல்களை அதில் வைக்க வேண்டும். ஒன்டிரைவில் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் வேறு இணைப்பு கிடைக்கும்.

டிராப்பாக்ஸில் ஒருவரை நீக்கும்போது, கோப்புறையின் பிரதியை அவரே வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு கேள்வி தோன்றலாம். அதைப் படித்து, வேண்டாம் என்றால் குறியை எடுத்த பிறகே நீக்குங்கள். ஏற்கெனவே அவர் பதிவிறக்கிய கோப்புகளை எந்த அமைப்பாலும் திரும்ப வாங்க முடியாது. அவற்றை அழித்துவிடும்படி நேரடியாக எழுதிக் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலானோர் மதித்துச் செய்வார்கள். விலக்குவதற்கு முந்தைய நாளே விருந்தினருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வேலை செய்து கொடுத்தவர் ஒருநாள் காலையில் திறந்து பார்த்து 'அணுகல் இல்லை' என்ற பக்கத்தில் நிற்பது அவருக்கு மனக்கசப்பைத் தரும், அவர் தன் குறிப்புகளை எடுத்துக்கொள்ளவும் அவகாசம் வேண்டும். எல்லாம் முடிந்ததும், விரிதாளில் விலக்கிய நாளை எழுதும் முன், மறைநிலைச் சாளரத்தில் அந்தப் பழைய இணைப்பை இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள். உள்நுழையச் சொல்லும் பக்கம் வந்த பிறகு நாளை எழுதுங்கள்.